'சம்பா 2019' ஃபோல்டர் திரும்ப வராத ஏழு நாட்கள்

நேற்றோடு ஏழு நாள். தினமும் காலையில் கவுன்ட்டர் கம்ப்யூட்டரைப் போட்டு, மணி ஒன்பதரை ஆகும்வரை காத்திருந்து, டி டிரைவைத் திறந்து பார்க்கிறேன். அழித்தும் அழித்தும் திரும்பி வந்துகொண்டிருந்த, பயிர்க் காப்பீட்டு ஸ்கேன்கள் உள்ள 'சம்பா 2019' ஃபோல்டர் வரவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்குப் பிறகு ஒருமுறை பார்க்கிறேன். அப்போதும் இல்லை. இனி வராது என்று எழுதலாம் என்ற தைரியம் இன்றைக்குத்தான் வந்தது.

திருத்துறைப்பூண்டியில் எங்களுடையது ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் சேர்ந்த சின்னக் கடை. கம்ப்யூட்டர் இரண்டு. முன்னால் கவுன்ட்டரில் நான், உள் அறையில் டைப்பிங்குக்கு என் மனைவி. எங்கள் பக்கம் கடைமடை. மேட்டூர் திறந்து தண்ணீர் எல்லா ஊரையும் தாண்டிக் கடைசியில்தான் இங்கே வரும் என்பதால் சம்பாதான் பெரிய பட்டம். ஐப்பசி பிறந்தால் பயிர்க் காப்பீட்டுக்குக் கூட்டம் கடைக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டுவரை நிற்கும். ஆதார், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், சிட்டா, வி.ஏ.ஓ. கொடுத்த அடங்கல் நான்கையும் ஸ்கேன் செய்து, அவரவர் பெயரில் கோப்பாக வைப்பேன். ஒரு எழுத்து தப்பினாலும் அந்த மனிதர் மறுபடி வர வேண்டியிருக்கும், அதனால் விண்ணப்பம் போன பிறகும் எதையும் அழிக்காமல் வைத்திருந்தேன். அப்படியே வருடக்கணக்கில் சேர்ந்துவிட்டது.

வைகாசியில் டி டிரைவில் மீதி 6 ஜிபிதான் இருந்தது. பழையதிலிருந்து அழிப்போம் என்று 'சம்பா 2019' ஃபோல்டரை எடுத்துவிட்டேன். அந்த வாரம் கடைக்கு வந்த சிலரிடம் "பழைய ஆதார் காப்பியெல்லாம் அழிச்சாச்சு" என்று சொல்லவும் செய்தேன்.

ஆனி கடைசி வாரத்தில் ஒரு பெரியவர் சிட்டா பிரின்ட் எடுக்க வந்தார். போன மாதம் எடுத்த கோப்பு இருக்கும் என்று அவர் பெயரைத் தேடினேன். திரையில் முதலில் வந்தது அவருடைய ஆதார், பழைய படத்தோடு. அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"இது நானா தம்பி? பழசால்ல இருக்கு. எடுத்துட்டேன்னு சொன்னீங்களே."

கோபமாகச் சொல்லவில்லை. சந்தேகமாகத்தான் கேட்டார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர் பெயரும் வங்கிக் கணக்கு எண்ணும் ஆதாரும் ஒரே இடத்தில் என்னிடம் இருக்கின்றன. என்னை நம்பித்தான் கொடுத்துவிட்டுப் போனார். அவர் கண் முன்னாலேயே ஃபோல்டரைத் திறந்து காட்டினேன். 2,314 கோப்பு, 1.9 ஜிபி, ஒன்றுகூடக் குறையவில்லை. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டெலிட் கொடுத்தேன். குப்பைத்தொட்டிக்குப் போகாமல் நேரே அழிந்தது. "இப்ப போச்சுங்கய்யா" என்றேன். அவரும் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு ஃபோல்டர் அதே இடத்தில் இருந்தது.

முதல் சந்தேகம் வைரஸ் மேல். ஊரில் உள்ள எல்லாப் பென் டிரைவும் எங்கள் கம்ப்யூட்டரில் வந்து போகிறது. ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட் போடும் வைரஸை நூறு தடவை பார்த்திருக்கிறேன். முழு ஸ்கேன் போட்டேன், மூன்று மணி நாற்பது நிமிடம் ஓடியது. யாரோ வாடிக்கையாளர் கொண்டுவந்த கோப்போடு ஒட்டிவந்த இரண்டு ஷார்ட்கட் வைரஸ் கிடைத்தது. அதுதான் காரணம் என்று நிம்மதியாகி ஃபோல்டரை அழித்தேன். மறுநாள் வந்துவிட்டது. தெரிந்த சர்வீஸ்காரர் ஒருவரை அழைத்தேன். அவர் இன்னொரு ஆன்டிவைரஸ் போட்டு ஓட்டிவிட்டு 400 ரூபாய் வாங்கிக்கொண்டார். "ஃபார்மட் பண்ணிடலாம்ணே, 600 ஆகும்" என்றார். சீசன் கோப்புகளை எல்லாம் எடுத்துவைக்க வேண்டும் என்பதால் அதற்கு நான் ஒப்பவில்லை. ஒப்பியிருந்தாலும் திரும்பித்தான் வந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது.

இரண்டாவது, அனுமதிச் சிக்கலாக இருக்குமோ என்று நினைத்தேன். இணையத்தில் படித்ததை வைத்து, கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னலை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, 'டேக்ஓன்' கட்டளையால் ஃபோல்டருக்கு என்னை உரிமையாளனாக்கி, 'ஐகேக்கிள்ஸ்' கட்டளையால் முழு அனுமதியும் கொடுத்தேன். ஒரு ராத்திரி முழுக்க இதிலேயே போனது. அது வெட்டி வேலை. அனுமதி இல்லையென்றால் ஃபோல்டர் அழியவே மறுக்கும், 'ஆக்சஸ் டினைட்' என்று சொல்லும். எனக்கு அழிந்துகொண்டுதான் இருந்தது. அழிய மறுப்பது ஒரு வியாதி, அழிந்து திரும்புவது வேறு வியாதி, இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. இதை முதல் நாளே பிரித்துப் பார்த்திருந்தால் பாதி வேலை குறைந்திருக்கும்.

மூன்றாவது, டிஸ்க்கே போய்விட்டதோ என்ற பயம். பென் டிரைவும் மெமரி கார்டும் ஆயுள் முடியும்போது எழுதுவதை நிறுத்திவிடும். அழித்த மாதிரி காட்டும், பிடுங்கி மறுபடி போட்டால் எல்லாம் திரும்ப நிற்கும். அந்த மாதிரியா என்று பார்க்க வழி சுலபம். டி டிரைவில் ஒரு நோட்பேட் கோப்பில் தேதியை எழுதி வைத்தேன், ரீஸ்டார்ட் செய்தேன். கோப்பு அப்படியே இருந்தது, ஆக எழுதுகிறது. டிஸ்கில் பிழை தேடும் 'செக்டிஸ்க்' ஓட்டினேன், இருபத்தைந்து நிமிடம். பிழை ஒன்றும் இல்லை. டிஸ்க் நல்லபடி இருக்கிறது.

இதற்குள் எட்டு நாள் போயிருந்தது. அப்போதுதான் ஒரு நோட்டில் நேரம் எழுத ஆரம்பித்தேன். இந்த வேலையில் நான் செய்த முதல் சரியான காரியம் அது. திங்கள்: மெஷின் போட்டது 8.50, ஃபோல்டர் வந்தது 9.26. செவ்வாய்: போட்டது 9.10, வந்தது 9.26. புதன்: கரண்ட் இல்லை, போட்டது 10.15. காலையில் வரவில்லை, சாயங்காலம் 5.31க்கு வந்தது. ஞாயிறு: நாள் முழுக்கக் கடை திறந்திருந்தும் வரவே இல்லை.

மெஷின் ஆன் ஆகும் நேரத்துக்கும் ஃபோல்டர் வரும் நேரத்துக்கும் சம்பந்தமில்லை, கடிகாரத்துக்குத்தான் சம்பந்தம். இன்னொன்றும் குறித்திருந்தேன். திரும்பி வந்த கோப்பில் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால், 'கிரியேட்டட்' என்ற இடத்தில் இன்றைய தேதி, 9.26. 'மாடிஃபைட்' என்ற இடத்தில் 2019 நவம்பர். ஒரு கோப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் காப்பி செய்தால் இப்படித்தான் காட்டும். அதாவது இது உயிர்த்தெழவில்லை, வேறு எங்கோ இருக்கும் நகலிலிருந்து யாரோ கொண்டுவந்து வைக்கிறார்கள். அந்த இரண்டு தேதியிலும் விடை முழுவதும் இருந்தது. நான் அதைப் பார்த்தேன், நோட்டில் எழுதினேன், யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏன் வரவில்லை என்றும் யோசிக்கவில்லை.

யோசிக்காமல் ஒரு குறுக்கு வழிக்குப் போனேன். விண்டோஸில் ஒரே இடத்தில் ஒரே பெயரில் ஒரு ஃபோல்டரும் ஒரு கோப்பும் இருக்க முடியாது. ஃபோல்டரை அழித்துவிட்டு, அதே 'சம்பா 2019' என்ற பெயரில், பின்னால் .டிஎக்ஸ்டி எதுவும் இல்லாமல், ஒரு காலிக் கோப்பை உருவாக்கி அங்கே உட்காரவைத்தேன். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. மறுநாள் 9.26க்கு ஃபோல்டர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் உள்ளே இருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"என்னங்க, முந்தாநாள் கவுன்ட்டர்ல ஸ்கேன் பண்ணதெல்லாம் எனக்கு வரலையே. ரெண்டு நாளா வரல."

"உனக்கு எங்க வரும்?"

"என் டெஸ்க்டாப்புல 'கவுன்ட்டர்'னு இருக்குல்ல, அதுல. எப்பவும் தானா வந்துடுமே."

அது எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஏழு வருடமாக அவள் தினமும் அதைத் திறந்து வேலை செய்கிறாள், நான் ஒருநாளும் கேட்டதில்லை. கம்ப்யூட்டர் இரண்டும் கேபிளில் இணைந்திருக்கிறது, அதனால் வருகிறது என்று இருந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்கு வருவதில்லை. அன்று உள் கம்ப்யூட்டர் ஆஃப்.

அப்போதுதான் ஓரளவு புரிந்தது. காலிக் கோப்பை வைத்து நான் தடுத்தது ஃபோல்டரை மட்டுமல்ல. அந்தப் பக்கம் அதே பெயரில் ஃபோல்டர் இருப்பதால், இந்தக் கோப்பைக் கொண்டுபோய் அங்கே வைக்க முடியாமல் காப்பி வேலை மொத்தமும் முதல் அடியிலேயே நின்றுவிட்டது. இரண்டு நாள் ஸ்கேன் நகல் இல்லாமல் கிடந்தது. காலிக் கோப்பை உடனே எடுத்தேன். ஐந்தரைக்கு அவளுக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தது. எனக்கு 'சம்பா 2019' வந்து சேர்ந்தது. இனி அதைத் தடுப்பதில்லை, வருவதைக் கண்ணால் பார்க்கிறேன் என்று முடிவு செய்தேன்.

அதற்கான கருவி 'ப்ராசஸ் மானிட்டர்'. விண்டோஸின் உள்ளே நடப்பதைப் பார்க்க உதவும் சிஸ்இன்டர்னல்ஸ் கருவித் தொகுப்பில் ஒன்று. அந்தத் தொகுப்பை உருவாக்கியவர்களின் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 2006இல் வாங்கியது, இன்றும் மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை, சில எம்பி ஜிப் கோப்பை விரித்து அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினால் போதும். கம்ப்யூட்டரில் எந்த புரோகிராம் எந்தக் கோப்பைத் தொட்டாலும் ஒரு வரி எழுதும். ஒரு வினாடிக்கு ஆயிரக்கணக்கில் வரி ஓடும்.

அதுவே என்னை முதலில் கவிழ்த்தது. ஃபில்டர் போடாமல் காலை எட்டே முக்காலுக்கு ஓடவிட்டு, டீ குடித்துவிட்டு வந்தேன். மெஷினில் 8 ஜிபி ராம். ஒன்பது இருபதுக்கு மவுஸே நகரவில்லை, கவுன்ட்டரில் நான்கு பேர் நின்றார்கள். பவர் பட்டனை அழுத்தி அணைக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் தடவை ஃபில்டர் போட்டேன்: பாத், கன்டெய்ன்ஸ், சம்பா 2019, இன்க்ளூட். 'ஈஸ்' என்று போட்டால் முழுப் பாதையும் அச்சாகப் பொருந்த வேண்டும், 'கன்டெய்ன்ஸ்' போட்டால் பெயர் எங்கே வந்தாலும் பிடிக்கும். கூடவே ஃபில்டர் மெனுவில் 'டிராப் ஃபில்டர்ட் ஈவென்ட்ஸ்' என்பதையும் டிக் செய்தேன். இதைச் செய்யாவிட்டால் திரையில் காட்டாத வரிகளையும் ராமில் சேர்த்துக்கொண்டே இருக்கும்.

9.25க்கு முன்னாலேயே வரிகள் வந்தன. எல்லாவற்றிலும் எக்ஸ்ப்ளோரர் பெயர். ஆகா, விண்டோஸ்தான் செய்கிறது என்று ஒரு நிமிடம் நம்பிவிட்டேன். பார்த்தால், நான் டி டிரைவ் ஜன்னலைப் பக்கத்தில் திறந்து வைத்திருந்தேன், அந்த ஜன்னல் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதுதான் அத்தனை வரியும். ஜன்னலை மூடினேன், கண்ட்ரோல் எக்ஸ் அழுத்தி வரிகளைத் துடைத்தேன். 'கிரியேட்ஃபைல்' என்று வருவதெல்லாம் உருவாக்குவது அல்ல, திறப்பதற்கும் அதே பெயர்தான். 'டீட்டெய்ல்' பத்தியில் 'ஓப்பன்ரிசல்ட்: கிரியேட்டட்' என்று இருக்கும் வரிதான் உண்மையான உருவாக்கம்.

9.25 தாண்டிச் சில வினாடிகளில் அந்த வரி வந்தது. புரோகிராமின் பெயர் எக்ஸ்காப்பி. விண்டோஸோடு கூடவே வரும், பழைய காலத்துக் காப்பிக் கட்டளை. வைரஸும் இல்லை, பேயும் இல்லை. வரியை இரட்டைக் கிளிக் செய்து 'ப்ராசஸ்' தாவலில் கமாண்ட் லைனைப் பார்த்தேன். எங்கிருந்து என்ற இடத்தில் உள் அறைக் கம்ப்யூட்டரின் பெயர், அதையடுத்து ஒரு ஃபோல்டர் பெயர்: 'கஜா'. எங்கே என்ற இடத்தில் என் டி டிரைவ்.

கொஞ்ச நேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் ஊருக்கு அது எப்படி இருந்தது என்று இங்கே சொல்லத் தேவையில்லை, அந்த ராத்திரி இந்தப் பக்கம் இருந்த யாருக்கும் மறக்காது. கடையின் தகரக் கூரை பறந்து, அப்போதிருந்த ஒரே கம்ப்யூட்டர் தண்ணீரில் போனது. அந்த சம்பாவுக்கு ஸ்கேன் செய்துவைத்த எல்லோருடைய தாள்களும் அதில்தான். வீடு போய், தென்னை போய் நின்ற மனிதர்களிடம் "இன்னொரு தடவை பாஸ்புக் கொண்டுவாங்க" என்று கேட்க வேண்டியிருந்தது. பாதிப் பேரின் பாஸ்புக் நனைந்து கூழாகியிருந்தது. வாய் திறந்து கேட்கவே கூசியது. அடுத்த மாதங்களில் இரண்டு கம்ப்யூட்டர் வாங்கியபோது, அமைத்துக் கொடுத்த பையனிடம் நான்தான் சொன்னேன்: "தம்பி, ஒண்ணு போனாலும் இன்னொண்ணுல எல்லாம் இருக்கணும். எது போனாலும் தானா திரும்பி வரணும்." அவன் செய்து கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டான். நான் மறந்துவிட்டேன். நான் சொன்னதை அவன் அப்படியே செய்திருக்கிறான், ஏழு வருடம் பிசகாமல் நடந்திருக்கிறது.

'டூல்ஸ்' மெனுவில் 'ப்ராசஸ் ட்ரீ' பார்த்தேன். எக்ஸ்காப்பியைக் கூப்பிட்டது சிஎம்டி (கமாண்ட் பிராம்ப்ட்), அதைக் கூப்பிட்டது எஸ்விசிஹோஸ்ட் (விண்டோஸின் பின்னணி வேலைகளை ஓட்டுவது). அதாவது, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலர். அங்கே போனால் லைப்ரரியில் 'பேக்கப்' என்ற பெயரில் ஒரே ஒரு வேலை, தினமும் காலை 9.25, மாலை 5.30. அது ஓட்டும் பேட்ச் கோப்பை, அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பை, நோட்பேடில் திறந்தேன். விஷயம் இரண்டே வரியில். முதல் வரி கவுன்ட்டரிலிருந்து உள்ளே காப்பி செய்கிறது. இரண்டாம் வரி உள்ளிருந்து கவுன்ட்டருக்குக் காப்பி செய்கிறது. இரண்டிலும் 'ஸ்லாஷ் டி' இருக்கிறது: அந்தப் பக்கம் இல்லாததையும் பழையதாக இருப்பதையும் மட்டும் கொண்டுபோ என்று அர்த்தம். இங்கே நான் அழித்தால் அது 'இல்லாதது' ஆகிவிடுகிறது. உள்ளே இருப்பது வந்து நிரப்புகிறது. வாய்க்கால் மடை திறந்து கிடக்க, நான் வயலில் நின்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் இன்னொரு தப்பும் செய்தேன். மூன்று மணிக்கு உள்ளே போய் 'கஜா' ஃபோல்டரில் இருந்த 'சம்பா 2019'ஐ அழித்தேன். காலையில் கவுன்ட்டருக்கு வந்த நகல் அங்கேயே இருப்பதை மறந்தேன். ஐந்தரைக்கு முதல் வரி ஓடி அதை மறுபடி உள்ளே கொண்டுபோய் வைத்தது. ஆகவே வரிசை முக்கியம். முதலில் டாஸ்க் ஷெட்யூலரில் அந்த வேலையை 'டிஸேபிள்' செய்தேன் (அழிக்கவில்லை, அதில் இருப்பதைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது). பிறகு உள்ளே அழித்தேன், பிறகு கவுன்ட்டரில் அழித்தேன். இரண்டையும் ரீஸ்டார்ட் செய்தேன். மறுநாள் 9.26க்கு வரவில்லை. 5.31க்கும் வரவில்லை.

உங்களுக்கு ஃபோல்டர் டெஸ்க்டாப் வருவதற்கு முன்பே திரும்பி வந்துவிடுகிறது என்றால், ப்ராசஸ் மானிட்டரில் 'ஆப்ஷன்ஸ்' மெனுவில் 'எனேபிள் பூட் லாகிங்' என்று இருக்கிறது. அதைப் போட்டு ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் எழும்போதிலிருந்து பதிவு செய்யும். பெரிய கோப்பாக வரும், இடம் விட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அது தேவைப்படவில்லை.

வேலை முடிந்தது என்றால் இல்லை. பெரியவரிடம் நான் சொன்னது 'ஃபோல்டர் போச்சு' என்று அல்ல, 'உங்க ஆதார் என்கிட்ட இல்லை' என்று. எங்கெல்லாம் இருக்கிறது என்று தேட 'எவ்ரிதிங்' என்ற சின்ன இலவசத் தேடல் புரோகிராமைப் போட்டேன். பெயரைத் தட்டும்போதே எல்லா டிரைவிலும் தேடிக் காட்டும். வீட்டில் பீரோவில் இருந்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கையும் கொண்டுவந்து செருகினேன். அதில் இன்னொரு முழு நகல் இருந்தது.

அது 2021இல் எடுத்தது. உள் கம்ப்யூட்டரில் விண்டோஸ் எழும்பாமல் போனபோது, விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய லினக்ஸ் உள்ள பென் டிரைவைப் போட்டு மெஷினை ஓட்டி, கோப்புகளை இந்த டிஸ்கில் காப்பாற்றினேன். அப்போது சிலருக்குத் தனித்தனி ஃபோல்டரும் போட்டேன். பாஸ்புக்கில் இருப்பதுபோல் பெயர், பிறகு இனிஷியல், இனிஷியலுக்குப் பின்னால் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் வினை. இப்போது விண்டோஸில் அதை அழிக்கப் போனால் 'இந்த ஐட்டத்தைக் காணவில்லை' என்றது. கண் முன்னால் இருக்கிறது, காணவில்லை என்கிறது. மொத்தம் 43 ஃபோல்டர் அப்படி.

இது முன்னே சொன்ன மற்ற வியாதி: அழிய மறுப்பது. விண்டோஸ் ஒரு பெயரின் கடைசியில் இருக்கும் புள்ளியையும் இடைவெளியையும் உதிர்த்துவிட்டுத்தான் தேடும். லினக்ஸ் அதை அப்படியே எழுதிவிட்டது. உதிர்த்த பெயரில் ஃபோல்டர் இல்லை, ஆகவே காணவில்லை. மருந்து, கமாண்ட் பிராம்ப்ட்டில் பாதைக்கு முன்னால் \\?\ என்ற நான்கு குறிகளைச் சேர்ப்பது. 'பெயரைத் திருத்தாதே, நான் எழுதியபடியே எடுத்துக்கொள்' என்று அதற்குப் பொருள். முதலில் ஒரே ஒரு ஃபோல்டருக்கு, ஃபோல்டரை அழிக்கும் 'ஆர்டி' கட்டளையை ஸ்லாஷ் எஸ் (உள்ளே இருப்பதையும் சேர்த்து அழிக்க), ஸ்லாஷ் க்யூ சேர்த்து, பாதையை மேற்கோள் குறிக்குள் போட்டு ஓட்டினேன். சத்தமில்லாமல் போனது. பிறகு தாய் ஃபோல்டருக்கே கொடுத்தேன். ஸ்லாஷ் க்யூ 'நிச்சயமா?' என்று கேட்காது. பாதையைத் தட்டிவிட்டு எண்டர் அழுத்தும் முன் மூன்று தடவை வாசித்தேன். நீங்களும் வாசியுங்கள்.

அடுத்து, அழித்ததை மீட்டெடுக்க முடியுமா என்று நானே சோதித்தேன். கோப்பு மீட்கும் இலவச புரோகிராம் ஒன்றை ஓட்டினால் 'சம்பா 2019'இன் ஆதார் படங்கள் வரிசையாக வந்தன, திறக்கவும் திறந்தன. சாதாரண ஹார்ட் டிஸ்கில் அழிப்பது என்பது விலாசத்தைக் கிழிப்பதுதான், வீடு அங்கேயே இருக்கும். அதன் மேல் வேறு எழுத வேண்டும். விண்டோஸிலேயே 'சைஃபர்' என்ற கட்டளை இருக்கிறது, ஸ்லாஷ் டபிள்யூ போட்டு டிரைவைக் கொடுத்தால் காலி இடம் முழுவதும் மூன்று சுற்று எழுதும்: முதலில் பூஜ்யங்கள், பிறகு எல்லாம் ஒன்றுகள், பிறகு தாறுமாறான எண்கள். இருக்கும் கோப்புகளைத் தொடாது.

முதல் ராத்திரி எட்டரைக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். ராத்திரி கரண்ட் போய், யு.பி.எஸ். தாங்காமல் மெஷின் அணைந்திருக்கிறது. காலையில் டி டிரைவில் மீதி இடம் கிட்டத்தட்ட பூஜ்யம் என்று காட்டியது, நெஞ்சு அடைத்தது. பார்த்தால், சைஃபர் தன் வேலைக்காக டிரைவில் 'ஈஎஃப்எஸ்டிஎம்பிடபிள்யூபி' என்று ஒரு தற்காலிக ஃபோல்டர் போடுகிறது. பாதியில் நின்றால் அது இடத்தை அடைத்தபடியே கிடக்கும். அதை அழித்தால் இடம் திரும்புகிறது. யு.பி.எஸ்.ஸுக்குப் புது பேட்டரி, 12 வோல்ட் 7 ஏ.எச்., 950 ரூபாய்க்கு வாங்கினேன். ஆனாலும் அது கால் மணி நேரம் தாங்கினால் பெரிது. அதனால் ஆடிப்பெருக்கு அன்று கடை விடுமுறை விட்டு, பகலில் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டினேன். மனைவியும் பிள்ளைகளும் ஆற்றுக்குப் போய்ப் படைத்துவிட்டு, சித்ரான்னத்தைக் கடைக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். கவுன்ட்டர் டிஸ்க் காலையில் ஆரம்பித்து மத்தியானம் மூன்றுக்கு முடிந்தது. உள் டிஸ்க் அன்று ராத்திரி பதினொன்று. எக்ஸ்டர்னல் மறுநாள். மீட்கும் புரோகிராமை மறுபடி ஓட்டியதில் சில பெயர்கள் மட்டும் தெரிந்தன, திறந்தால் எதுவும் இல்லை.

இதெல்லாம் ஹார்ட் டிஸ்குக்கு. எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் டிஸ்க்) வைத்திருப்பவர்கள் சைஃபர் போட்டுத் தேய்க்க வேண்டாம். அதன் உள்வேலை வேறு, இந்த மேலெழுத்து அங்கே நம்பகமில்லை, ஆயுளும் குறையும்.

செலவு: சர்வீஸ்காரருக்கு 400, பேட்டரி 950, ஒரு நீள நோட்டு 60. மொத்தம் 1,410 ரூபாய். புரோகிராம்கள் எல்லாம் இலவசம். நேரம் இருபத்திரண்டு நாளில் ராத்திரி ராத்திரியாக முப்பது மணிக்கு மேல். முதல் நாளே ப்ராசஸ் மானிட்டர் போட்டிருந்தால், அல்லது அதுகூட வேண்டாம், 'கிரியேட்டட்' தேதியைப் பார்த்த கையோடு டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்திருந்தால், அரை மணி நேர வேலை.

பேக்கப்பை நிறுத்திவிடவில்லை. இன்னொரு கஜா வந்தால் மறுபடி யாரிடமும் போய் நிற்க என்னால் ஆகாது. ஆனால் இரண்டாம் வரியை எடுத்துவிட்டேன். இப்போது கவுன்ட்டரிலிருந்து உள்ளே மட்டும் போகிறது, திரும்பி வராது. இங்கே அழித்தால் அங்கேயும் தானாக அழியும் வசதி, விண்டோஸின் இன்னொரு காப்பிக் கட்டளையான 'ரோபோகாப்பி'யில் இருக்கிறது. அதை வேண்டுமென்றே போடவில்லை, சீசன் நேரத்தில் கை தவறி ஒன்றை அழித்தால் இரண்டு இடத்திலும் போய்விடும். அழிப்பது என் கையால், இரண்டு கம்ப்யூட்டரிலும் எக்ஸ்டர்னலிலும், நோட்டில் தேதி போட்டு. டாஸ்கின் பெயரை 'கவுன்ட்டர் - உள்ளே காப்பி 9.25, 5.30' என்று மாற்றி, அதையே ஒரு தாளில் எழுதி மானிட்டர் பின்னால் ஒட்டியிருக்கிறேன். ஃபோல்டர் பெயரில் இனிஷியலுக்குப் பின்னால் புள்ளி கிடையாது. முழு எண் அவசியமில்லாத வேலைக்கு, கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை எடுத்துக் கொடுக்கிறேன். 2020 முதல் 2022 வரையிலான சம்பா ஃபோல்டர்களை இந்த மாதக் கடைசிக்குள் முடிக்க வேண்டும்.

நேற்று அந்தப் பெரியவர் உரக்கடைக்கு வந்தவரை நானே கூப்பிட்டேன். திரையைத் திருப்பி, அவர் பெயரை அவரையே பார்க்கச் சொல்லித் தட்டினேன். ஆனியில் எடுத்த சிட்டா ஒன்றுதான் வந்தது. அதையும் அழிக்கட்டுமா என்றேன், சரி என்றார். அழித்தேன். கொஞ்ச நேரம் நின்றார்.

"வீட்டுக்காரம்மா பேர்லயும் ஒரு மா நெலம் இருந்துச்சு தம்பி. அவங்க போயி ரெண்டு வருஷம் ஆச்சு. அந்தப் பேரையும் போட்டுப் பாருங்க."

போட்டேன். ஒன்று வந்தது. ஸ்கேன் ஃபோல்டரில் இல்லை, 'டவுன்லோட்ஸ்'இல். எப்போதோ அவர் மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பி, நான் இறக்கிய ஆதார். அந்த அம்மாவின் முகம் திரையில் இருந்தது. அழிக்கக் கை போனபோது "இருங்க, இதை மட்டும் ஒரு கலர் பிரின்ட் போட்டுக் குடுங்க" என்றார். போட்டோ மட்டும் வருகிற மாதிரி வெட்டி, பெரிதாக்கி, போட்டோ பேப்பரில் எடுத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அவர் அதை மடிக்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்ட பிறகு அழித்தேன்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இன்னும் 1,100 கோப்புக்கு மேல் இருக்கிறது. இன்று ராத்திரி அதைத்தான் பார்க்க வேண்டும்.